சிவப்பு நிற்காத முட்டை

முட்டையைத் தின்பதற்கு முன்னால் அதற்குச் சாயம் போட்டுப் பார்த்த ஆள், கோயமுத்தூர் ஜில்லாவிலேயே ஒருவர்தான். மில் ஆட்கள் குடியிருக்கிற எங்கள் லைனில் நாலாம் வீடு. பேர் என்னவோ இருந்தது. மில்லில் நூலுக்குச் சாயம் முக்குகிற வேலை, அதனால் சாயக்காரர். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் நீலம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரன் தள்ளி உட்காருவான்.

அவர் வேதக்காரர். ஈஸ்டருக்கு முட்டைக்குக் கலர் போட்டு, ஒளித்துவைத்து, பிள்ளைகளைத் தேடச் சொல்வார். முன்னால் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் பங்களாவில் பார்த்ததாம். வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருசம் ஆகியும் இவர் விடவில்லை. ஆனால் மில் சாயத்தை மட்டும் தொட மாட்டார்.

“நூலுக்குப் போடறது வவுத்துக்கு ஆவாதுங்க. அது வெசம்” என்பார்.

நாற்பது நாள் முன்னாலேயே வெங்காயத் தோல் வசூல் தொடங்கிவிடும். “ஏனுங் அம்மணி, தோலை வீசிப்போடாதீங்க” என்று வாசல் வாசலாக நிற்பார். குப்பையைக் கேட்டு வருகிற ஆளிடம் இல்லையென்று யார் சொல்வார்கள்?

ஈஸ்டருக்கு முந்தின நாள் அவர் வீடே மில்லாகிவிடும். சம்சாரம் தெரசக்காவும் மூன்று பெண்பிள்ளைகளும் ஆளுக்கொரு சட்டி. மஞ்சள், வெங்காயத் தோல், பீட்ரூட், முருங்கைக் கீரை. இவர் வாயாலேயே மில் சங்கு ஊதுவார். சங்குக்கு ஒரு தரம் சட்டி மாற வேண்டும்.

“இந்த மில்லுல சோறு உண்டுங்களா, இல்ல ஸ்டிரைக்கு பண்ணோணுங்களா?” என்று தெரசக்கா கேட்கும்.

முட்டையைப் போடுவதற்கு முன் ஒவ்வொரு சட்டியிலும் ஒரு டம்ளர் எடுத்து அவரே குடிப்பார். அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். சாகவில்லை என்றால் முட்டை உள்ளே போகும்.

சிவப்புதான் வாய்க்கவில்லை. பீட்ரூட்டில் காய்ந்த புண் மாதிரி ஒரு நிறம் வந்தது. ஒரு வருசம் ஆரத்தி வழியைப் பிடித்தார். மஞ்சளில் வேகவைத்த முட்டையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கினார். ரத்தச் சிவப்பு. அன்றைக்கு அவர் கால் தரையில் இல்லை.

அந்த வருசம் என் மகள் சரசு காய்ச்சலில் கிடந்தாள். ஆறு வயசு. மூன்றாவது வாரம். டாக்டர் கையை விரித்துவிட்டார். சனிக்கிழமை சாயக்காரர் ஜன்னலில் முகத்தை வைத்து, “கண்ணு, உனக்கு என்ன கலருங்க?” என்றார்.

“செவப்பு” என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஞாயிறு காலை என் வாசற்படியில் சிவப்பு முட்டை. வருசா வருசம் லைன் பார்த்த சாய முட்டைதான். ஆனால் அதுவரை அவர் வாசலைத் தாண்டியதில்லை. சாகக் கிடக்கிற பிள்ளை வீட்டு வாசலில் மஞ்சளும் சுண்ணாம்பும் பட்ட முட்டை. எங்கள் ஆட்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். பக்கத்து வீட்டு ரங்கம்மா “செய்வினைங்கோ!” என்று கத்தினாள். லைனே கூடியது. கூடி நிற்கும்போதே வெயிலில் சுண்ணாம்பு காய்ந்து, சிவப்பு முட்டை மஞ்சளாகத் தொடங்கியது. கூட்டம் நாலடி பின்னால் போனது.

சாயக்காரர் ஓடிவந்தார். ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். எங்கள் ஊரில் அடிக்க வந்தாலும் மரியாதை போகாது.

“ஏனுங்க, உங்களைக் கொன்னுபோடலாமுங்களா?”

“இருங்க. சுண்ணாம்பு காஞ்சா மஞ்சளாத்தானுங்க போகும். உங்க ஊட்டு ஆரத்தித் தட்டைப் பாருங்க.”

“முட்டைக்கு எதுக்குங்க ஆரத்தி? அதென்ன புது மாப்பிளையா?”

சரசு கேட்டதுதான் என்று நான் சொல்லியிருக்கலாம். மூன்று வாரம் தூங்காத மண்டை. ஒருவேளை இருக்குமோ என்று எனக்கும் ஓடியது.

அவர் முட்டையை எடுத்தார். ஓட்டோடு கடித்தார். நறநறவென்று மென்று, கண்ணில் தண்ணீர் வர, முழுசையும் தின்று முடித்தார். மீசையெல்லாம் மஞ்சக்கரு.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்த சரசு சிரித்தாள். “ஐயோ, எம்பட முட்டை!” என்றாள். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. அதுவே கடைசியும். புதன்கிழமை போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை லைன் மேஸ்திரி வந்தார். சாயக்காரர் குடும்பத்தை லைனை விட்டு அனுப்பச் சொல்லி எல்லோரும் கேட்டிருந்தார்கள். தெரசக்கா சட்டி பானையைக் கட்டிவைத்துவிட்டது.

“செத்தது உங்க புள்ள. நீங்க சொல்றதுதானுங்க” என்றார் மேஸ்திரி.

ரங்கம்மா என்னைப் பார்த்தாள். சாயக்காரர் தரையைப் பார்த்தார்.

“எம்பட புள்ளதான் செவப்பு கேட்டாளுங்க. அவரு குடுத்தாருங்க” என்றேன்.

அவ்வளவுதான் பேசினேன். மேஸ்திரி போய்விட்டார். தெரசக்கா மூட்டையைப் பிரித்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் என் வாசலில் ஒரு சிவப்பு முட்டை இருந்தது. யாரும் கத்தவில்லை. என் சம்சாரம் அதை எடுத்து, சரசு படுத்திருந்த ஜன்னலோரம் வைப்பாள். மத்தியானத்துக்குள் மஞ்சளாகிவிடும்.

சாயக்காரரும் போய்ச் சேர்ந்தார். இந்த ஈஸ்டருக்கு நானே ஒரு முட்டையை மஞ்சளில் வேகவைத்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கினேன். முதலில் மஞ்சள் தண்ணீர் ஒரு டம்ளர் குடித்துப் பார்த்துவிட்டுத்தான்.

சிவப்பு நிற்கவில்லை. அவருக்கும் நின்றதில்லை.