மேலிருந்து இரண்டாவது

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், ஆபீஸ் கம்ப்யூட்டரின் கணக்குப்படி முன்னாள் கணவன், எழுதிக்கொள்வது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்களும் அக்காவும் சுகம்தானே? உங்கள் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருப்பவள் சாப்பிட்டாளா என்பதையும் தெரியப்படுத்தவும்.

நடந்தது இதுதான் மச்சான். எங்கள் கம்பெனியில் மருத்துவக் காப்பீட்டுக்காக எல்லோருடைய குடும்ப விவரத்தையும் இணையப் படிவத்தில் ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டரில் நான் புலி என்று எப்போதோ பீற்றிக்கொண்டதால் எங்கள் பிரிவு மொத்தமும் என் தலையில் விழுந்தது. படிவத்தில் 'உறவுமுறை' என்று ஒரு பெட்டி. சொடுக்கினால் பட்டியல் விரியும். 'தேர்வு செய்க' என்று முதல் வரி, அதற்குக் கீழே மனைவி, முன்னாள் மனைவி, தாய், தந்தை என்று கடைசியில் மாமனார் வரைக்கும் போகும். ஆளாளுக்கு அதைத் திறந்து மூடச் சோம்பல்பட்டு, தானாக நிரப்புகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினேன். மனைவி மேலிருந்து இரண்டாவது, ஆகவே 'இரண்டை எடு' என்றேன். அந்தச் சனியன் பூஜ்யத்திலிருந்து எண்ணும், அதற்கு இரண்டு என்றால் மூன்றாவது வரி என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. டீ குடித்துவிட்டு வருவதற்குள் எங்கள் பிரிவின் அத்தனை மனைவிகளுக்கும் 'முன்னாள் மனைவி எனப் பதிவானது, நன்றி' என்று குறுஞ்செய்தி போய்விட்டது. எல்லோரும் என்னை அடிக்க வந்தார்கள். மேலாளர் மட்டும், "அவசரமில்ல, பொறுமையா திருத்துங்க" என்றார்.

உங்கள் தங்கை அன்று கோபப்படவில்லை. "கை தவறிடுச்சு, விடுங்க" என்று சாப்பாடு போட்டாள். அந்தப் பெருந்தன்மையை நான்தான் கெடுத்தேன். எண்ணிக்கையே வேண்டாம், 'மனைவி' என்ற சொல் எந்த வரியில் இருக்கிறதோ அதை எடு என்று மாற்றி எழுதினேன். 'முன்னாள் மனைவி'யிலும் அந்தச் சொல் இருக்கிறதே! அது முதலில் மனைவியை எடுத்தது, அதோடு நிற்காமல் கீழே இறங்கி முன்னாளையும் பார்த்து, அதையே பிடித்துக்கொண்டது. மறுபடியும் அதே குறுஞ்செய்தி, அதே நன்றி.

"புரோகிராம் பண்ணின தப்புக்கு நான் என்னம்மா செய்வேன்" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவள் பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டே, "தப்பு யாருக்குத்தான் வராது? ஆனா ஆபீஸ்காரங்க வீட்டு ஆளுங்களோட என்னையும் சேர்த்து ஒரே அமுக்குல தள்ளிட்டீங்கல்ல. எனக்குன்னு ஒரு தடவை கையால போட உங்களுக்கு நேரமில்ல" என்றாள். பெட்டியோடு உங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள் மச்சான். அவள் இல்லாத வீட்டில் உட்காரவே பிடிக்கவில்லை.

ஆகவே இன்று மற்றவர்களுக்கு மட்டும், முழு வரியும் அப்படியே பொருந்தினால்தான் எடு என்று புரோகிராமைத் திருத்தி ஓட்டினேன். அந்த வீடுகளில் இப்போது அமைதி. நம் வீட்டுக்கு நானே படிவத்தைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, என் விரலாலேயே 'மனைவி'யை அமுக்கிப் பதிவும் செய்துவிட்டேன். கையால் செய்தேன் என்பதை அவளிடம் அழுத்திச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். மாடி அறைக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை அவளிடம் தயவுசெய்து படித்துக் காட்ட வேண்டாம். 'மனைவி'யை அமுக்கிய பிறகு, கீழே இருக்கும் பதிவுப் பொத்தானுக்குப் போக மவுஸ் சக்கரத்தை உருட்டினேன். பக்கம் நகர்வதற்கு முன்னால், பட்டியலில் நான் அமுக்கிய தேர்வு கடைசி வரி வரைக்கும் ஓடியிருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன், உங்கள் தங்கை என் மாமனாராகப் பதிவாகிவிட்டாள். குறுஞ்செய்தியும் போய்விட்டது. இனி நான் பெண் கேட்க வேண்டியது அவளிடம்தான். அடுத்த பஸ்ஸில் கிளம்பி வருகிறேன்.