ஏசிக்குச் சூடம் காட்டிய கதை

நேற்றுத் தெரிந்துகொண்டதை இன்றே ஊருக்குச் சொல்லிவிடத் துடிப்பவனிடம் எச்சரிக்கையாக இருங்கள். அப்படி ஒருவனோடு பிறந்ததிலிருந்து குடித்தனம் நடத்துகிறேன். அவன் நான்தான்.

பெரம்பலூரில் ஏசி மெக்கானிக்காக இருந்த நான், திருச்சியில் ஒரு பயிற்சிக்குப் போய் வந்தேன். ஏசியில் நாம் அடைக்கிற பழைய வாயு கசிந்தால் பூமியே சூடாகிறதாம். உலக நாடுகள் உட்கார்ந்து பேசி, அதைப் படிப்படியாக ஒழிக்க ஒப்பந்தம் போட்டிருக்கின்றனவாம். (கையெழுத்துப் போட்டதே நான்தான் என்கிற நடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினேன்.) புதிதாக வந்திருக்கும் வாயு பூமியைச் சுடாது. ஒரே குறை, தீப்பிடிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் குன்னத்திலிருந்து தேன்மொழி வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். பெண் பார்த்த அன்றே எனக்குத் தேன்மொழியை ரொம்பப் பிடித்துவிட்டது. வருகிறவர்கள் கை நனைத்தால், அதாவது எங்கள் வீட்டில் சாப்பிட்டால், சம்மதம். சாப்பிடாமல் கிளம்பினால் அவ்வளவுதான். விடுவேனா? புது வாயு ஏசி ஒன்றை வாங்கிக் கூடத்தில் என் கையாலேயே மாட்டினேன்.

வந்தார்கள். தேன்மொழியின் அப்பா ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்தார். மக்காச்சோளம் காய்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மனிதரை மறித்து, நான் பூமி காய்வதைப் பற்றி ஆரம்பித்தேன்.

"நாடுங்கல்லாம் கூடிப் பேசி முடிவு பண்ணிருக்காங்க மாமா."

"பேசட்டும் தம்பி. நாம வந்த விஷயத்தைப் பேசுவமா?"

நிறுத்தினேனா? "இந்த கேஸ் ரொம்ப நல்லதுங்க. நெருப்பை மட்டும் பக்கத்துல கொண்டாரக் கூடாது" என்று நான் முடிக்கவும், அம்மா தட்டில் சூடம் கொளுத்திக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. புதுச் சாமான் எது வந்தாலும் சூடம் காட்டாமல் எங்கள் வீட்டில் தொடமாட்டோம். அம்மா ஸ்டூலில் ஏறி, தட்டை ஏசியின் வாய்க்கே நீட்டினாள்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. "ஐயோ, வெடிச்சிரும்மா!" என்று அலறிப் பாய்ந்து சூடத்தை ஊதி அணைத்தேன். ஊதிய வேகத்தில் தட்டிலிருந்த திருநீறு மொத்தமும் தேன்மொழி அப்பாவின் தலையில் கொட்டியது.

"நல்ல காரியத்துல சூடத்தை ஊதிப்புட்டானே பாவி!" என்று தேன்மொழியின் அத்தை நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

தேன்மொழியின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "கேஸ் லீக்கானாத்தானே தம்பி தீப்பிடிக்கும்?"

"ஆமாங்க மாமா."

"இதை மாட்டினது யாரு?"

"நான்தாங்க."

"சரிதான்" என்று எழுந்துபோய்ச் செருப்பை மாட்டினார். வடை பாயசத்தை நாங்களே தின்றோம். பூமி எப்படியும் போகட்டும், தேன்மொழி போய்விட்டாளே என்று இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்தாள். "எங்கப்பாவுக்கு எதுவும் ஆயிடக் கூடாதுன்னுதானே ஊதுனீங்க?"

(ஏசி போய்விடுமே என்றுதான் பதறினேன்.) "ஆமாங்க" என்றேன். அதை அவள் வீட்டில் சொல்லி அழுது சாதித்திருக்கிறாள். மறுபடி வந்தார்கள், கை நனைத்தார்கள், கல்யாணமும் நடந்தது.

இன்றைக்கும் எங்கள் மகளின் பிறந்தநாளுக்குக் கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றினால், மாமனார் பேத்தியைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கிவிடுவார்.

"நீங்களே ஊதுங்க மாப்ள. நாங்க கொஞ்சம் தள்ளி நின்னுக்கறோம்."