தேவதாஸ் தலைக்கு ஓர் உபகுழு

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம், காஜா பெராங் இந்திய வாலிபர் கால்பந்துக் கழகத்துக்கு ஒரே ஒரு தலைதான் இருந்தது. அதாவது, கோல் போடத் தெரிந்த தலை. அது எங்கள் சென்டர் பார்வர்டு தேவதாசுக்குச் சொந்தம். பயிற்சியின்போது அவன் அதைக் கொண்டுபோய்க் கோல் கம்பத்தில் மோதினான். கம்பத்துக்குச் சேதமில்லை என்று செயற்குழு நேரில் பார்வையிட்டு உறுதி செய்தது.

மூளை குலுங்கியிருக்கிறது, தலைவலியும் மயக்கமும் அடியோடு போகும்வரை பந்தாடும் பாடாங் திடல் பக்கமே போகக்கூடாது, அதற்குள் இன்னொரு அடி பட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி அனுப்பினார் ஆஸ்பத்திரி டாக்டர். ஆனால் குருபோங் அணியோடு சுதந்திரக் கிண்ணப் போட்டி வருகிறதே! நோட்டீசும் அடித்தாகிவிட்டது. அதில் தேவதாஸ் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. நோட்டீசில் போட்ட ஆள் வராமல் போனால் நம் ஜனங்கள் சும்மா விடுவார்களா? மூளை குலுங்கினால் ஆறிவிடும், நோட்டீஸ் பொய்த்தால் மானம் போய்விடும் என்றார் கழகத் தலைவர் ராஜரத்தினம். அவர் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர். கமிட்டி போடாமல் தும்மக்கூட மாட்டார்.

ஆகவே ‘தலைக்காப்பு உபகுழு’ அமைக்கப்பட்டது. முதல் கூட்டம், முதல் மாலை யாருக்கு என்ற தகராறில் கலைந்தது. இரண்டாவது கூட்டத்தில் துணைத்தலைவர் அப்துல் கய்யூம் ராவுத்தர் பேசினார். ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். தலையைச் சுற்றிக் கனமாகத் துணி கட்டிவிட்டால் அடி உள்ளே இறங்காது என்று விஞ்ஞான ரீதியாக விளக்கினார். துணி இலவசம். கடைப் பெயர் மட்டும் நெற்றிக்கு நேரே வரவேண்டும்.

தேவதாஸ் அந்தக் கட்டோடு கடைத்தெருவில் நடந்ததுதான் தாமதம், ஊரில் அதுவே நாகரிகமாகிவிட்டது. தலையில் கீறல்கூட இல்லாத பயல்களெல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். சினிமாக் கொட்டகையில் படம் மறைக்கிறதென்று பின்வரிசைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். நானும் பச்சையில் ஒன்று கட்டிக்கொண்டேன். எடுப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இந்தக் கூத்தில் வயிறு எரிந்தவள் தேவதாசின் அக்காள் கோகிலா ஒருத்திதான். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தானே வளர்த்தவள். காலையில் பசியாற உட்கார்ந்தால் தட்டில் இருக்கும் ஒரு தோசை அவனுக்கு இரண்டாகத் தெரிகிறது, இல்லாத தோசையைப் பிய்க்கப் போகிறான், இவனை விளையாட விட்டால் பிணமாகத்தான் வருவான் என்று கமிட்டிக்காரர் வீடு வீடாகப் போய் அழுதாள். அவனோ நோட்டீசைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறவன். ஆடியே தீருவேன் என்று நின்றான்.

உபகுழு நியாயமாக ஒரு பரீட்சை வைத்தது. நோட்டீசில் உள்ள நிர்வாகிகள் அத்தனை பேரையும் பட்டம் பதவியோடு, வரிசை மாறாமல் தேவதாஸ் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்துவிட்டால் தலை சரியாகிவிட்டது, ஆடலாம்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி நின்றபடியே ஒப்பித்தான் பாவி. ஆயுட்காலக் கௌரவ ஆலோசகர் முதல் மாஜி உதவிப் பொருளாளர் வரை ஒருவரையும் விடவில்லை. ஒரே கைதட்டல். தலைவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

தம்பியோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த கோகிலா எழுந்தாள். “ஐயா, நல்ல தலையில் இதெல்லாம் நிற்குமா? நீங்கள் ஒரு தடவை சொல்லுங்கள், பார்ப்போம்.”

தலைவர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். தம் பெயரையும் பட்டங்களையும் தங்குதடையில்லாமல் சொன்னார். அடுத்த பெயரில் நின்றுவிட்டார். விட்டத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ராவுத்தரைப் பார்த்து, “நீங்கள்... நம்ம ஜவுளிக்கடை...” என்று இழுத்தார். ராவுத்தருக்குச் சுருக்கென்றது. தாம் சொல்லிக் காட்டுவதாக எழுந்தவர், தலைவர் பெயரைப் பொன்னுதுரை என்றார். பொன்னுதுரை போன தலைவர்.

மற்றவர்களும் முயன்று பார்த்தார்கள். ஒருவருக்கும் முடியவில்லை. ஒன்று, தேவதாஸ் தலை கலங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் செயற்குழு முழுவதுக்கும் கலங்கியிருக்க வேண்டும். ஆழ்ந்த விவாதத்துக்குப் பின் வாக்கெடுப்பு நடந்தது. கலங்கியது தேவதாஸ் தலையே என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இத்தனை நிர்வாகிகளை ஞாபகம் வைத்திருப்பது கடுமையான மூளைக் கோளாறு, அவர்கள் அனைவரும் மறந்துபோகும்வரை அவன் பந்தைத் தொடக்கூடாது. கோகிலா அழுதுகொண்டே சிரித்தாள். தம்பி முறைத்துக்கொண்டே அவள் பின்னால் போனான்.

நோட்டீசின் மானத்துக்கும் வழி பிறந்தது. பதினொரு பேரும் தலைக்கட்டோடு இறங்கினால் எவன் தேவதாஸ் என்று யாருக்குத் தெரியும்? இறங்கினார்கள். மழை பெய்தது. கட்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து காலைச் சுற்றின. எங்கள் கோல்காவலர் தம்பிராஜா, துணியோடு பந்தையும் சுருட்டிக்கொண்டு எங்கள் கோலுக்குள்ளேயே விழுந்தான். படுதோல்வி. ராவுத்தர் கடையில் மட்டும் அந்த வாரம் நல்ல வியாபாரம்.

தேவதாஸ் வீட்டில் கிடந்து, தலைவலி போய், டாக்டர் சொன்னபடி முதலில் நடந்து, பிறகு ஓடி, கடைசியில் பந்துக்கு வந்தான். அதற்குள் கழகத்தின் ஆண்டுக் கூட்டமும் வந்தது. பழைய நிர்வாகிகளையே மறுபடியும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். அவர்கள் யார் யார் என்று எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. எல்லாரும் கையைத் தூக்கினோம். தேவதாசும் தூக்கினான். அவன் பூரண குணமடைந்துவிட்டான் என்று அப்போதுதான் எங்களுக்கு உறுதியாயிற்று.