ஊதாப் படகு வித்தியாசமாக இருக்கிறது

லிட்டில் ஹெரான் ஏரி,
மினசோட்டா.
ஜூன் 18

என் பெருமதிப்பிற்குரிய அக்கா வெர்னாவுக்கு,

உன் தம்பி எல்டன் பணிவோடு எழுதிக்கொள்வது. நானும் மார்லிஸும் நலம். என் முழங்கால் இரண்டில் ஒன்று நலம். அரிசோனா வெயிலில் நீ வற்றலாகிவிடாமல் இருக்கக் கர்த்தர் அருள்புரிவாராக. இங்கே கொசு இந்த வருடம் சின்னதாகத்தான் இருக்கிறது, ஆனால் குடும்பத்தோடு வருகிறது. முதியோர் சங்கத்து ஓவிய வகுப்பில் நீ வரைந்து அனுப்பிய கள்ளிச்செடிப் படம் கசங்காமல் வந்து சேர்ந்தது. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறோம். மார்லிஸ் அதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னாள். அதை நேரில் சொல்கிறேன்.

"படகு வாங்காதே, உனக்கு எழுபத்தொரு வயது, ஏரி வீட்டில் பாதி என்னுடையது" என்று நீ எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ சொன்ன எல்லாமே நியாயம்தான். படகு வாங்கிவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். என் மகள் டானாவும் அவள் பிள்ளைகளும் ஹூஸ்டனிலிருந்து வருடத்துக்கு ஒரே ஒரு வாரம், ஜூலை நான்காம் தேதியை ஒட்டி, வடக்கே வருகிறார்கள். அந்த ஒரு வாரத்தை நான் சம்பந்தியோடு பங்கு போட வேண்டும். சம்பந்தி லிண்ட்ஸ்ட்ராமுக்குப் பெரிய ஏரி, பெரிய வீடு, பின்னால் கயிறு கட்டிப் பிள்ளைகளைத் தண்ணீர்மேல் சறுக்க வைக்கிற பளபளவென்ற புதுப் படகு. என்னிடம் இருப்பது மீன் பிடிக்கிற பதினான்கு அடி அலுமினியத் தகரம். அதன் பின்னால் கயிறு கட்டினால் பிள்ளை சறுக்காது, முழுகும். போன வருடம் ஏழு நாளில் எனக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். பன்னிரண்டு வயதுப் பேத்தி சோல்வெய் படகுத்துறை நுனியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "தாத்தா, இங்க வேற என்ன இருக்கு?" என்றாள். நான் யோசித்துப் பார்த்து, "சீட்டுக்கட்டு இருக்கும்மா" என்றேன். அவர்கள் கார் போனதும் கொட்டகைக்குள் நுழைந்து ஆணி டப்பாக்களை அடுக்குகிற மாதிரி நின்றுகொண்டு அழுதேன், அக்கா. வெட்கமில்லாமல் எழுதுகிறேன். இந்த மே மாதம் டானா கூப்பிட்டு, "அப்பா, பிள்ளைங்க இந்த வருஷம் மொத்த வாரமும் அங்கேயே இருக்கலாமானு கேக்குதுங்க, நீங்களும் அம்மாவும் ஒரு நாள் அங்க வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்றாள். "நான் படகு வாங்குறேன்" என்றேன். அந்த நொடிவரை எனக்கே அது தெரியாது. அவள், "சரி, வாங்கிட்டுப் போட்டோ அனுப்புங்க. பிள்ளைங்ககிட்ட காட்டுறேன். அதுங்க முடிவுதான் முடிவு" என்றாள்.

பனிவண்டியை விற்றேன். ஐஸ்மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கிற என் குடிசையையும் விற்றேன். ஆறாயிரம் டாலர் தேறியது. அந்தக் காசுக்குப் புதுப் படகின் இருக்கைகூட வராது என்று கடைக்காரர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். பழசுதான் என்று தீர்மானித்து ஒரு நோட்டு வாங்கினேன். இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, தரை அமுங்குகிறதா, பின்பலகையைத் தட்டினால் கெட்டியாகச் சத்தம் வருகிறதா, குளிருக்கு முன்னால் தண்ணீரை வடிக்காமல் விட்டு இன்ஜினை வெடிக்க வைத்தார்களா, நான்கு பேர் உட்கார்ந்து ஒருவரை இழுத்தாலும் மூக்கைத் தூக்காமல் கிளம்புமா என்றெல்லாம் கேள்வி எழுதிவைத்தேன். எழுதுவது சுலபமாக இருந்தது. கேட்கிற இடத்தில்தான் நான், யார் மனமும் நோகக் கூடாது என்கிற மினசோட்டாக்காரனாகப் போனேன்.

நானும் மார்லிஸும் போய்ப் பார்த்த முதல் படகு ஒரு விவசாயியின் வைக்கோல் கொட்டகையில் இருந்தது. "இருநூறு மணி நேரந்தான் ஓடியிருக்கு, மீட்டரைப் பாருங்க" என்றார். மீட்டர் நின்றே இருபது வருடம் ஆகியிருக்கும்போல. இருக்கையைத் தூக்கினால் உள்ளே ஒரு ரக்கூன், நான்கு குட்டி, ஐந்தும் என்னை வாடகை கேட்க வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தன. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் அவர் மனைவி காப்பி கொண்டுவந்தாள், வேண்டாம் என்றோம், மறுபடி கேட்டாள், வேண்டாம் என்றோம், மூன்றாவது முறை கேட்டதும் குடித்தோம், பிறகு கேக், பிறகு வாசலில் அரை மணி, கார் கதவருகே அரை மணி, கார் கண்ணாடி வழியாக இன்னும் கொஞ்ச நேரம் என்று விடைபெற்று, அவர்கள் தோட்டத்தில் விளைந்த புளிப்பு ருபார்ப் தண்டு ஒரு மூட்டையோடு வீடு வந்தோம். படகு வேண்டாம் என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இரண்டாவது படகில் தரையைக் குதிகாலால் மிதித்துப் பார்த்தேன். கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. கெட்டுப்போன முழங்கால்தான், கவலைப்படாதே. சொந்தக்காரர், "அந்த இடம் கொஞ்சம் மெத்துனு இருக்கும்" என்றார். தரையை உடைத்ததற்கு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மார்லிஸ், "நல்லவேளை, இன்னொரு கால் நம்மகிட்ட இருக்கு" என்றாள்.

இங்கேதான் வேறொருவன் விட்டுவிட்டிருப்பான். நான் மூன்றாவது படகுக்குப் போனேன்.

அதன் சொந்தக்காரர் ஹார்லன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், நம் ஏரிக்கு அடுத்த ஏரி. தார்ப்பாயை இழுத்தார். முப்பது வருடத்துப் படகு, கெட்டியான பின்பலகை, கல்மாதிரித் தரை, கயிறு கட்ட நல்ல கொக்கி, எல்லாம் சரி. ஆனால் முழுக்க ஊதா நிறம், மூக்கிலிருந்து வால்வரை இரண்டு பக்கமும் ஆரஞ்சு நிறத்தில் தீ எரிகிறது. ஹார்லன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்பது வயசு ஆனப்போ எனக்கு மனசு கொஞ்சம் ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றார். மார்லிஸ் படகை ஒரு முறை சுற்றி வந்தாள். கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "வித்தியாசமா இருக்கு" என்றாள்.

அக்கா, நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே யாரும் யாரையும் மோசம் என்று சொல்வதில்லை, வித்தியாசமாக இருக்கிறது என்றுதான் சொல்வோம். உன் முதல் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அம்மா அதைத்தான் சொன்னாள், நீதான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உன் கள்ளிச்செடியைப் பார்த்து மார்லிஸ் சொன்னதும் இதே சொல்தான். இதை எழுதியிருக்கக் கூடாது. கோடு போட்டு அடித்தால் நீ தாளை விளக்கில் பிடித்துப் படிப்பாய், அதனால் விட்டுவிடுகிறேன்.

நிறத்தையா ஓட்டப்போகிறோம், ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். பாலைவனத்தில் பத்து வருடம் இருந்ததில் மறந்திருப்பாய்: படகின் வாலில் ஒரு ஓட்டை உண்டு, அதற்கு ஓர் அடைப்பான் உண்டு. ஒரு ஏரியின் சிப்பியும் பாசியும் இன்னொரு ஏரிக்குப் போகாமலிருக்க, சாலையில் படகை இழுத்துப் போகும்போது அடைப்பானைக் கழற்றியே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இறக்கும்போது மறக்காமல் மாட்ட வேண்டும் என்பது அவரவர் தலைவிதி. ஹார்லன் மாட்டியிருப்பார் என்று நான் நினைத்தேன். பின்பக்கத்தை நோண்டிக்கொண்டிருந்த நான் மாட்டியிருப்பேன் என்று அவர் நினைத்தார். வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் ஏரிக்கரையில் பிறந்த ஒருவனைப் பார்த்து, அடைப்பானை மாட்டினாயா என்று கேட்பது, கால்சட்டை போட்டாயா என்று கேட்பதற்குச் சமம். இரண்டு பேரும் கேட்கவில்லை.

நடு ஏரியில் இன்ஜினை நிறுத்தி, வானிலையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினோம். என் காலுறை நனைந்தது. "லேசா ஈரமா இருக்கோ?" என்றேன். "நேத்து மழை பெஞ்சுதே" என்றார். கணுக்கால் ஏறியது. "நல்ல மழைதான்" என்றேன். அவருடைய காப்பிக் குவளை மிதந்து என்னிடம் வந்தது, நான் எடுத்து அவரிடம் கொடுத்தேன், நன்றி சொன்னார். தண்ணீர் இறைக்கிற பம்பின் சுவிட்சைச் சும்மா தட்டுகிற மாதிரித் தட்டினார். அதுவும் சும்மாவே இருந்தது. அப்புறம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "ஓட்டுங்க!" என்றார் ஹார்லன். வேகமாக ஓடினால் உள்ளே இருக்கிற தண்ணீர் அதே ஓட்டை வழியாக வெளியே போய்விடும், நின்றால் மறுபடி ஏறும். ஆகவே நிற்க முடியாது. லிட்டில் ஹெரானில் பாதிகூட இல்லாத அந்த ஏரியை முழு வேகத்தில் சுற்றினோம். ஒவ்வொரு சுற்றிலும் துறையில் மார்லிஸ் தெரிந்தாள். வண்டியின் முன்தட்டில் கிடந்த அடைப்பானைக் கண்டெடுத்து, இரண்டு கையாலும் தூக்கிக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து நாங்களும் கையசைத்தோம். ஹார்லன், "உங்க வீட்டம்மாவுக்குப் படகு ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்றார். பத்தொன்பதாவது சுற்றில் எரிபொருள் முள் அடியைத் தொட்டது. எதிர்க்கரை மணல்மேல் ஏற்றினேன். அங்கே லூத்தரன் சபையின் கோடைக்கால விருந்து நடந்துகொண்டிருந்தது. படகு முட்டைக்கோஸ் சாலட் மேசைக்கு மூன்றடி முன்னால் நின்றது. போதகரம்மா எழுந்து வந்து தீப்பிழம்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "சாப்பிட்டுட்டுத்தானே போவீங்க?" என்றார். மூன்று முறை மறுத்துவிட்டுச் சாப்பிட்டோம்.

ஆனால் ஒன்றைக் கவனி, அக்கா. தண்ணீர் சுமந்துகொண்டு, இரண்டு கிழவர்களைச் சுமந்துகொண்டு, முப்பது வருடத்து இன்ஜின் பத்தொன்பது சுற்று இருமலில்லாமல் ஓடியது. எந்த மெக்கானிக்கும் இதைவிட நல்ல சோதனை செய்ய முடியாது. அங்கேயே வாங்கிவிட்டேன். அடைப்பானை மறந்த வெட்கத்தில் ஹார்லன் விலையைக் குறைத்தார், கேட்காமல் விட்ட வெட்கத்தில் நான் ஏற்றினேன், கடைசியில் முதலில் சொன்ன விலைக்கே முடிந்தது.

அன்று மாலையே போட்டோ எடுத்து அனுப்பினேன். சோல்வெய் பதில் போட்டாள். "வித்தியாசமா இருக்கு தாத்தா!" அவ்வளவுதான். பக்கத்தில் மூன்று தீ எரிகிற படம். கொளுத்திவிடு என்கிறாள். என் சொந்தப் பேத்தி, நம் அம்மாவின் சொல்லையே எடுத்து, நாகரிகமாக என்னிடம் முடியாது என்கிறாள். மார்லிஸ் படித்துவிட்டு என் தோளில் கை வைத்தாள். எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்காகச் சும்மா இருப்பேனா? மறுநாள் விடிந்ததும் கடை திறக்கக் காத்திருந்து நாலு டப்பா வெள்ளைப் பெயிண்ட் வாங்கினேன். மூன்று நாள் தேய்த்தேன், மூன்று பூச்சுப் பூசினேன். தீ முதல் இரண்டு பூச்சிலும் உள்ளிருந்து எட்டிப் பார்த்தது. மூன்றாவதில் அடங்கியது. இன்று மதியம் முடிந்தது. சம்பந்தி வீட்டுப் படகு மாதிரியே, இந்த மாவட்டத்தில் இருக்கிற எல்லாப் படகும் மாதிரியே, வெள்ளை வெளேரென்று நிற்கிறது. இனி யாரும் வாயைத் திறந்து அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. நாளை புதுப் போட்டோ அனுப்புவேன். அதற்கும் வராவிட்டால் அடுத்த வருடம் வேறு ஏதாவது வாங்குவேன். நான் விடுவதாக இல்லை.

உன் மனத்தாங்கல் தீர்ந்து, உன் முழங்கால்கள் வலுப்பெற்று, நீ கர்த்தரின் நிழலிலும் குளிர்சாதனத்தின் நிழலிலும் சுகமாக இருக்க வேண்டுமென்று நானும் மார்லிஸும் ஞாயிறுதோறும் ஜெபிக்கிறோம். ஏரி வீட்டின் உன் பாதி சுத்தமாக இருக்கிறது.

என்றும் உனக்கு அடங்கிய (படகு விஷயம் தவிர),
தம்பி எல்டன் ஹாகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுத் திறந்து எழுதுகிறேன். டானா இப்போதுதான் கூப்பிட்டாள். "அப்பா, ஏழு நாளும் உங்க வீடுதான். என் மாமனார் வீட்டுல எல்லாருக்கும் வருத்தம், நான் சமாளிச்சுக்கிறேன். சோல்வெய் அந்தப் போட்டோவை நீச்சல் வகுப்பு முழுக்கக் காட்டிட்டா. எல்லார் வீட்டுலயும் வெள்ளைப் படகுதானாம், தாத்தா படகு மட்டுந்தான் வித்தியாசமா இருக்காம். அந்தத் தீயோட நின்னு போட்டோ எடுக்கணும்னு இப்பவே தம்பிகூடச் சண்டை" என்றாள். ஹூஸ்டனில் அந்தச் சொல்லுக்கு வெறும் அகராதிப் பொருள்தானாம். நான் பேசியபோது என் கையில் கழுவிக்கொண்டிருந்த தூரிகை இருந்தது, அதிலிருந்து வெள்ளை சொட்டிக்கொண்டிருந்தது. "சரிம்மா, வாங்க, எல்லாம் அப்படியே இருக்கு" என்று சொல்லிவிட்டேன். ஏழு நாள், அக்கா. ஏழு. மார்லிஸ் கூடத்தில் உட்கார்ந்து அழுகிறாள், நானும் இந்த முறை கொட்டகைக்குப் போகவில்லை.

மறுநாள். உறையை இன்னும் ஒட்டவில்லை. மார்லிஸ் உன் கள்ளிச்செடியைப் பற்றிச் சொன்னது ஹூஸ்டன் பொருளில்தான் என்று இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. அவர்கள் ஜூலை இரண்டாம் தேதி வருகிறார்கள். நீ அதற்கு ஒரு வாரம் முன்பே, உன் தூரிகைகளோடு, விமானத்தில் வந்துவிடு. ஊதா வாங்கிவிட்டேன், ஆரஞ்சும் வாங்கிவிட்டேன். தீ மட்டும் எனக்கு வரவில்லை. சோதனைக்கு ஒன்று வரைந்தேன். மார்லிஸ் பார்த்துவிட்டு, "கேரட் நல்லா இருக்கு" என்றாள்.