தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

உண்மை பேசுகிறவர்களை ஊரில் எல்லாரும் மெச்சுவார்கள். வசூலில் இறங்கிய சங்கத்துக்கு மட்டும் அவர்களைக் கண்டால் ஆகாது. அறுபதுகளின் தொடக்கத்தில், நுவரெலியாவில் புது டீச்சராக இருந்தபோது இதைத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வாசிகசாலைச் சங்கம் ஆண்டு மலர் போட்டது. தலைவரின் மருந்துக்கடைத் தொலைபேசியில் கடைகளைக் கூப்பிட்டு விளம்பரம் பிடிப்பவர், அவர் மைத்துனர் சௌந்தரம். போன வருடம், விழாவுக்கு மந்திரி வருகிறார் என்று சொல்லியே பாதிப் பக்கங்களை விற்றுவிட்டார். (மந்திரிக்கே அது தெரியாது.) அதனால் இம்முறை கண்காணிக்க ஆள் போட்டார்கள்.

"டீச்சரம்மா, பக்கத்துல உக்காந்துக்கங்க. பொய் வந்தா நிறுத்திருங்க" என்றார் தலைவர்.

நிறுத்தினேன். சௌந்தரம், "ஆயிரம் பொஸ்தகம் அடிக்கிறோம் மொதலாளி" என்றால், நான் வகுப்பறைக் குரலில் "முந்நூறு" என்பேன். "ஒங்களுக்குத்தான் மொதப் பக்கம்" என்றால், "அங்க தலைவர் படம்" என்பேன். கடைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தொலைபேசியை வைத்தார்கள். மத்தியானம் சௌந்தரம் ரிசீவரை என் கையில் திணித்தார். "நீங்களே பேசுங்க தாயி."

மறுமுனையில் கந்தப்பளைத் துணிக்கடை முதலாளி. வாசிகசாலைக் கூரைக்குத் தகரம் தருவதாகச் சொல்லியிருந்தவர்.

"இந்த மலர யாரும்மா வாசிப்பாங்க?"

"எழுதினவங்க வாசிப்பாங்க."

அவர் சிரித்தார். "நம்ம கடைக்கு வந்திருக்கீங்களா?"

"ஒரு சேல வாங்கினேங்க. சாயம் போகுது."

முதலாளி தொலைபேசியை வைத்துவிட்டார். தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். தகரமும் போயிற்று.

மறுநாள் தலைவர் மன்னிப்புக் கேட்க என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். "அவரு கடைச் சேலையவே கட்டிக்கிட்டு வாங்க. மரியாதையா இருக்கும்." கட்டினேன். கந்தப்பளையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை கொட்டியது.

முதலாளி எங்களை வெள்ளை விரிப்பில் உட்காரச் சொன்னார். "அந்தச் சேலையக் கொண்டாந்தீங்களா? பாத்துருவோம்" என்றார்.

நான் எழுந்து நின்றேன். விரிப்பில் நான் இருந்த இடம் நீலமாக இருந்தது. பாதங்களும் நீலம். சேலை வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் கையில் இருந்ததை மெதுவாகக் கீழே வைத்தார்கள்.

முதலாளி அவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தலைவரை ஓரமாகக் கூட்டிப்போய், "தகரத்த நாளைக்கே அனுப்பிர்றேன். இந்தம்மாவ மட்டும் மொதல்ல கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார்.

கூரை வந்தது. கண்காணிப்பு வேலை போயிற்று.

இப்போதும் எங்கள் வீட்டில் தொலைபேசி மணி அடித்தால் யாராவது எனக்கு முன்னால் ஓடுவார்கள். மூத்தவனுக்குப் பெண் பேசிய நாளில், சம்பந்தி வீட்டு அழைப்பு வந்தபோது, என் கணவர் என்னைச் சீனி வாங்கக் கடைக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.