மலையை இறக்கிய என் பாட்டு

கவிதை எழுதுகிறவன் தன் பாட்டுக்குப் பலன் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படக் கூடாது. எனக்கு ஒரே ஒரு முறை கிடைத்தது. வேலையே போகப் பார்த்தது.

அப்போது நமுனுகுல மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பள்ளிக்கூட வாத்தியார். இருபத்திரண்டு வயது, எண்ணெய் வைத்து வாரிய தலை, பெரிய கவி என்ற நினைப்பு. (நினைப்பு எனக்கு மட்டும்தான்.) பள்ளியைச் சோதிக்கப் பதுளையிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும், பிள்ளைகள் பாட நிலாவைப் பற்றி எழுதினேன். வெள்ளித் தட்டு, பால் குடம், ஒன்றையும் விடவில்லை. முன் வரிசை முத்தம்மா எழுந்து, "ஐயா, இந்தப் பனியில நிலா எங்கங்க தெரியுது?" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணை விட்டுவிட்டு, தோலும் மூக்கும் காதும் அறிந்ததை வைத்து அன்றே வேறு பாட்டு எழுதினேன்:

மூக்கு நுனியில் பனி குத்தும்
சுட்ட கருவாடு மணம் சுத்தும்
டண்டண் டண்டண் தப்புக் கத்தும்
எழும்பி வாங்க பெரட்டுக்கு!

விடியற்காலையில் தப்பு என்னும் பறையை அடித்துத்தான் ஆட்களைப் பெரட்டுக்களத்துக்குக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். காதுக்கு உண்மையாக இருக்கட்டும் என்று, தப்படிக்கும் மாடசாமியிடம் கெஞ்சி அதை இரவல் வாங்கி, அவர் அடிக்கும் அடியையே பிசகாமல் பழகினேன்.

இன்ஸ்பெக்டர் வந்தது பிற்பகலில். வெளியே பனி மூடி, எதிரே நிற்கும் ஆள் தெரியவில்லை. பிள்ளைகள் பாடினார்கள், நான் அடித்தேன். "இன்னொரு தடவை" என்றார் இன்ஸ்பெக்டர். உச்சி குளிர்ந்து இரண்டு மடங்கு ஓங்கி அடித்தேன்.

வெளியே இருமல் கேட்டது. கதவைத் திறந்தால் மலையே இறங்கி வந்து நின்றது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் அரைக் கூடையோடு.

"யாருக்கு என்னங்க ஆச்சு?" என்று மூச்சு வாங்கினார் பெரிய கங்காணி. அகாலத்தில் பெரட்டுத் தப்பு அடித்தால் தீயோ சாவோ என்று அர்த்தமாம்.

"ஒன்னும் ஆகலைங்க. பாட்டுங்க."

அதற்குள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்துவிட்டார். விஷயம் கேட்டு, "நாளைக்கு நீ ஊருக்குப் போ" என்றார் தன் தமிழில். ஊரில் அப்பா, மகன் பெரிய உத்தியோகம் என்று சொல்லி வைத்திருந்தார். எந்த முகத்தோடு போவது?

இன்ஸ்பெக்டர்தான் காப்பாற்றினார். தன் புத்தகத்தில் ஏதோ எழுதித் துரையிடம் நீட்டினார். துரை படித்துவிட்டு மீசைக்குள் சிரித்தார். தப்பை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனார். பிறகு இன்ஸ்பெக்டரின் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன்: "பாட்டு கேட்பவரைச் சென்றடைகிறது."

இன்றும் நான் புதுப் பாட்டு ஒன்றை வாசிக்க எடுத்தால், மனைவி அடுப்படியிலிருந்து பிள்ளைகளுக்குக் குரல் கொடுப்பாள்: "அப்பா படிக்கப் போறாங்க. வெளிய யாராவது எறங்கி வர்றாங்களான்னு பாருங்க."

அவர்களும் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இதுவரை ஒருவரும் வரவில்லை.