உப்புப் பார்க்க ஆள் இல்லை

"உங்களுக்குப் பிரஷர் ஏறிக் கெடக்கு. உப்பு நாக்குல படவே கூடாது," என்று நர்ஸ் தனேஸ்வரி இராஜம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். இராஜம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். தலை சுற்றியது முதலாளி கிஃபாயத்துல்லாவுக்குத்தான்.

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாயில் இருபது வருஷமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிற மனிதர். வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுத்தால் மட்டும் போதாது, அவர்கள் உடம்பையும் கவனிக்க வேண்டும் என்று வியாபாரிகள் கூட்டத்தில் யாரோ பேசினார்கள். இவர் அதை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, நோன்பு மாதம் பிறந்ததுமே சலுகைகளை அள்ளி விட்டார். மதியம் அரை மணி நேரத் தூக்கம். கால் வலிக்கிறவர்களுக்கு ஊற வைக்க வெந்நீர். எடை கூடியவர்களுக்கு உப்பு, எண்ணெய் குறைத்த தனிச் சாப்பாடு. கிளினிக்கிலிருந்து நர்ஸை வரவழைத்துப் பரிசோதனை. அந்தப் பரிசோதனைதான் இப்போது அவருக்கே ஆப்பு வைத்துவிட்டது.

சமையல்காரர் சுல்கிஃப்லி நோன்பு வாயில் ஒரு துளியும் வைக்க மாட்டார். அதனால் நோன்பு மாதம் முழுக்கக் குழம்பைச் சுவைத்துச் சொல்வது பாத்திரம் கழுவும் இராஜம்மாதான். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கி, கண்ணை மூடி, "சரியா இருக்கு" என்று அவர் சொன்ன பிறகுதான் பானை அடுப்பை விட்டு இறங்கும். எட்டு வருஷப் பழக்கம்.

அதுவும் இன்றைக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் நோன்பு திறப்பு விருந்து. முந்நூறு பேர். ஆட்டுக்கறிக் குழம்பு சொதப்பினால் ஊரே சிரிக்கும். எதிர்க்கடைக்காரர் முதல் ஆளாக நின்று சிரிப்பார்.

"ஒரே ஒரு சொட்டு, இராஜம்மா."

"நர்ஸம்மா வேணாம்னுட்டாங்களே மொதலாளி. நீங்க குடுத்த சலுகைய நானே மீறலாமா?" என்று இராஜம்மா பாத்திரங்களின் பக்கம் போய்விட்டார்.

கடையில் நோன்பு இல்லாதவர்கள் இன்னும் இரண்டு பேர். தேத்தண்ணி கலக்கும் விமலன் சலுகைத் தூக்கத்தில் இருந்தான். கிஃபாயத்துல்லா அவனை உலுக்கி எழுப்பி வாயில் குழம்பை விட்டார்.

"உப்பே இல்ல பாய்," என்றான், கண்ணைத் திறக்காமல்.

நாள் முழுக்க இனிப்புக் கெட்டிப் பாலை நக்கிப் பார்க்கிற நாக்கு அது. அந்த நேரத்தில் கிஃபாயத்துல்லாவுக்கு இது தோன்றவில்லை.

"நான் சரியாத்தான் போட்டேன் மொதலாளி," என்றார் சுல்கிஃப்லி. முதலாளி கேட்டால்தானே? இரண்டு கை உப்பை அவரே அள்ளிப் போட்டார்.

அப்புறமும் மனசு அடங்கவில்லை. லோரி ஓட்டும் குமரவேலிடம் ஓடினார். அவர் வெந்நீர்ச் சட்டியில் காலை விட்டபடி, சொர்க்கத்தில் இருந்தார்.

"ஐயோ, கடல் தண்ணி லா இது!"

ஒரு வாரமாக ஓட்ஸும் அவித்த கீரையுமாகக் கிடந்த வாய், வேறென்ன சொல்லும்? கிஃபாயத்துல்லா தண்ணீரை ஊற்றினார். உருளைக்கிழங்கைக் கொட்டினார். தேங்காய்ப் பாலையும் கவிழ்த்தார். பானை பொங்கி வழிந்து, ஒரு பானை இரண்டு பானை ஆயிற்று.

கடைசியில், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய நர்ஸையே கெஞ்சிக் கூப்பிட்டார். தனேஸ்வரி இரண்டு கரண்டி வாங்கிக் குடித்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு பாய். உப்பு தெரியல, காரம் தெரியல. எங்க பேஷண்டுங்களுக்குத் தாராளமா குடுக்கலாம்."

கிஃபாயத்துல்லா அரிசி மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தார். மணி நாலு.

சுல்கிஃப்லி அகப்பையால் மேசையை ஓர் அடி அடித்தார். "நாளைக்கு வச்சிருக்கற கறிய எடுங்க. புதுசா வைக்கிறேன். ஆனா ஒருத்தரும் அடுப்புப் பக்கம் வரக் கூடாது. நீங்களும்தான் மொதலாளி."

"அப்ப உப்பு யாருப்பா பாக்குறது?"

"யாரும் பாக்க வேணாம்."

ஆறரை மணிக்கு, எந்த நாக்கும் படாத குழம்பு லோரியில் ஏறியது. கிஃபாயத்துல்லா தெரிந்த துஆக்களையெல்லாம் ஓதிக்கொண்டே கூடப் போனார்.

பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு முந்நூறு பேரும் சோற்றில் கை வைத்தார்கள். அவர் ஒரு மிடறு தண்ணீரோடு நிறுத்திக்கொண்டு எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவர் எழுந்து போய் இரண்டாம் தடவை குழம்பு வாங்கினார். அவர் பின்னால் இன்னும் நாலு பேர். கொஞ்ச நேரத்தில் அது பெரிய வரிசையாகவே ஆகிவிட்டது.

"வருசா வருசம் அதே ருசி பாய். அடுத்த வருசமும் நீங்கதான்," என்று ஆலை மேனேஜர் தோளில் தட்டினார். கிஃபாயத்துல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைக்குத் திரும்பியதும் நேரே பின்கட்டுக்குப் போனார். இராஜம்மா கழுவிய பானைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இராஜம்மா, இந்த அதிசயத்தக் கேளு! உன் நாக்கு படாமலே இன்னிக்குக் கொழம்பு ஒரு கொறையும் இல்லாம வந்திருச்சு!"

இராஜம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னிக்கு மட்டுமா மொதலாளி? கொரோனா வந்துட்டுப் போனதுலேருந்து இந்த நாக்குக்கு உப்பும் தெரியல, ஒறைப்பும் தெரியல!"